ஐந்து நட்சத்திர வசவு

திட்டுகிறவர்கள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டுவார்கள். அதுதான் ஊருலக வழக்கம். ஐந்து நட்சத்திரத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டுத் திட்டுகிறவனை என்னவென்று சொல்வது? காரிமங்கலத்தில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கும் மணிமேகலைக்கு அப்படியொரு வசவு வந்து சேர்ந்தது. அதை அவளுக்குக் காட்டியவள் பெங்களூர் பானுமதி.

பானுமதிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெங்களூரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தாள். அங்கிருக்கும் பெண்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினாள். நாட்டுச் சர்க்கரை எங்கே வாங்கலாம், யார் எண்ணெயில் கலப்படம் இல்லை என்பதையெல்லாம் அந்தக் குழுதான் தீர்மானிக்கும். மணிமேகலையின் செக்கு இன்றைக்கு இரண்டு மோட்டாரில் ஓடுகிறதென்றால் அது அந்தக் குழுவின் புண்ணியம். தீபாவளிக்கு அவர்கள் சொல்லியிருந்த எண்ணெயை ஆட்டி முடிப்பதற்கே ராப்பகல் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று காலை பானுமதியிடமிருந்து ஒரு படமும், கூடவே குரல் செய்தியும் வந்தன.

"மணிமேகலை, மேப்ல உங்க கடைக்குக் கீழ யாரோ எழுதியிருக்காங்க பாருங்க. கள்ள எண்ணெய்னு போட்டிருக்கு. எங்க குரூப்ல ஒருத்தங்க அதை எடுத்துப் போட்டுட்டாங்க. எல்லாரும் என்னைப் புடிச்சுக் கேக்குறாங்க. என்னன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் தீபாவளி ஆர்டரை நிறுத்தி வச்சுக்கலாம், தப்பா நெனைக்காதீங்க."

மணிமேகலை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மஞ்சளாக ஐந்து நட்சத்திரம். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்:

"Kalla ennai na adhu Manimegalai akka chekku than. Indha oorla vera yaarum ippadi panna mudiyadhu."

கள்ள எண்ணெய் என்றால் அது மணிமேகலை அக்கா செக்குதான்; இந்த ஊரில் வேறு யாரும் இப்படிப் பண்ண முடியாது. ஒருமுறை படித்தாள், உடம்பு சுட்டது. இன்னொருமுறை படித்தாள், இன்னும் சுட்டது. பெயர் போட்டு, அக்கா என்று உறவு கொண்டாடி, நட்சத்திரமும் கொடுத்துக் கேலி செய்திருக்கிறான். நேரடியாகச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

கணவன் மாதவராஜ் செக்கில் நிலக்கடலைப் பருப்பைக் கொட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் போனில் பேச மட்டும்தான் தெரியும்.

"நம்மது போலி எண்ணெயாம். ஊரே படிக்கிற மாதிரி எழுதிப் போட்டிருக்கான்" என்றாள்.

"எவனாச்சும் குடிச்சிப்புட்டு எழுதியிருப்பான். வுடு."

"வுடுறதா? பெங்களூரு ஆர்டர் நின்னு போச்சு. உனக்கு எல்லாமே வுடுதான்."

மாதவராஜ் மோட்டாரைப் போட்டுவிட்டான். அவன் வீட்டில் சண்டையை முடிக்கும் வழி அது.

இப்படி யார் வேண்டுமானாலும் எழுத, வலியப் போய் வாசலைத் திறந்து வைத்தது மணிமேகலைதான். ஒவ்வொரு கேனின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டுவாள். 'எங்கள் எண்ணெய் பிடித்திருந்தால் மேப்பில் ஐந்து நட்சத்திரம் தாருங்கள்' என்று அச்சடித்து, கட்டம் கட்டமான சதுரம் ஒன்றும் போட்டிருக்கும். போனைக் காட்டினால் நேரே அவள் கடைப் பக்கம் திறக்கும். 'சுத்தமான மரச்செக்குக் கடலை எண்ணெய்' என்ற லேபிளும் அவள் எழுதியதுதான். பெங்களூர்க்காரர்களோடு பேசிப் பேசி, மணிமேகலையின் பேச்சே லேபிள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. வூடு வீடாகிவிட்டது. உள்ளூர்ச் சொற்கள் ஒவ்வொன்றாக நாக்கிலிருந்து இறங்கிவிட்டன. படித்தவர்களிடம் விற்கும்போது படித்தவர்கள் சொல்கிற மாதிரிதானே சொல்ல வேண்டும்?

எழுதியவன் பெயர் இருந்த இடத்தில் 'கெத்து கிங்' என்று இருந்தது. முகத்துக்குப் பதில் ஒரு சண்டைச் சேவல். நல்லவன் எவனும் சேவல் முகத்தோடு வரமாட்டான். ஆனால் அவன் ஒரு புகைப்படமும் சேர்த்துப் போட்டிருந்தான். அவளுடைய எண்ணெய்க் கேன் ஒரு மேசைமேல் இருக்கிறது. பின்னால் பச்சை டைல்ஸ் சுவர். அதன் ஓரத்தில் வேளாங்கண்ணி மாதா காலண்டரின் நீலப் புடவை நுனி.

பச்சை டைல்ஸும் மாதா காலண்டரும் சேர்ந்த இடம் அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். பைபாஸில் சவுரியப்பன் நடத்தும் ஹோட்டல்.

சவுரியப்பன் அவளுடைய முதல் வாடிக்கை. செக்கு போட்ட காலத்திலிருந்து அவனுடைய போண்டாச் சட்டியில் கொதிப்பது அவள் எண்ணெய்தான். பெங்களூர்–சேலம் போகிற கார்க்காரர்கள் அந்த போண்டாவுக்காகவே வண்டியை ஓரங்கட்டுவார்கள். அவன் எதற்கு இப்படிச் செய்ய வேண்டும்?

காரணம் தேடினால் கிடைக்காமல் போகுமா? ஆடி மாதத்தில் ஒருநாள் அவன் எண்ணெய்க்கு வந்தபோது கொடுக்க இல்லை. இருந்ததெல்லாம் பெங்களூருக்குக் கட்டி வைத்தது. "பெங்களூரு வந்ததும் உள்ளூரு மறந்துபோச்சுங்களா?" என்று அவன் சிரித்தான். அன்று அது சிரிப்பாகத்தான் பட்டது. இன்று அதே சிரிப்பை நினைத்தால் பல் மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் முன்போல் அடிக்கடி வருவதும் இல்லை. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மணிமேகலைக்கு வெளிச்சத்தில் நின்றதும் பேயாகத் தெரிந்தது.

சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள டீ குடிக்கிற சாக்கில் அவன் ஹோட்டலுக்கே போனாள். கல்லாவுக்குப் பின்னால் அதே டைல்ஸ், அதே காலண்டர். போனை எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டாள். துளி வித்தியாசம் இல்லை.

"வாங்க்கா வாங்க்கா! என்ன இந்தப் பக்கம் அதிசயமா?" சவுரியப்பன் எழுந்தே நின்றுவிட்டான். "மாதேஷ், அக்காவுக்கு ஒரு நல்ல டீயும் சூடா ரெண்டு போண்டாவும் போடு."

உள்ளே அடுப்படியில் இருந்த மாதேஷ் தலையை நீட்டி, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றான். அவன் அங்கே சமையல் மாஸ்டர். மணிமேகலை கேன் கொண்டுவரும்போதெல்லாம் பின்கதவு வழியாக வந்து இறக்கி வாங்கிக்கொள்கிறவன் அவன்தான். முந்தின நாள்தான் மகனுடைய காதுகுத்துக்கு லீவு கேட்டு, முதலாளி தரவில்லை என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

"யாவாரம் எப்படிங்க போவுது?" சவுரியப்பன் கேட்டான். "இப்பல்லாம் போன்லயே எல்லாம் நடக்குதாம். நம்ம கடை பேரு கூட மேப்ல நெறைய பேரு பாக்குறாங்களாம். உங்களுக்கும் நல்லா எழுதுறாங்களாக்கா?"

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். எதையோ எதிர்பார்க்கிற பார்வை. கண்ணில் ஒரு குறும்பு. எழுதியதும் எழுதி, அது எங்கே வலிக்கிறது என்று தொட்டுப் பார்க்கவும் செய்கிறானே!

"எழுதுறாங்க எழுதுறாங்க" என்றாள். டீக்குக் காசு வாங்க மறுத்தான். மனசாட்சி குத்துகிறது போல, அதுதான் இந்த உபசாரம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

அவள் கெட்டவள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் வேலையை விட்டுவிட்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள். ஆனால் நல்லவர்களுக்குத் தாங்கள் நல்லவர்கள் என்பது தெரிந்திருப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. தாங்கள் செய்வதெல்லாம் நியாயம் என்று நம்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புதிதாக ஒரு கணக்கு திறந்தாள். 'ஹைவே டிராவலர்' என்று பெயர் வைத்தாள். சவுரியப்பன் ஹோட்டலுக்கு ஒற்றை நட்சத்திரம் அழுத்தினாள். எழுதினாள்:

'பெங்களூரிலிருந்து சேலம் போகும் வழியில் குடும்பத்தோடு இறங்கினோம். சமையலறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி திறந்தே கிடக்கிறது. அதில் பல்லி மிதக்கிறது. அதே தண்ணீரில்தான் சமையல். குழந்தைகளுக்கு வாந்தி நிற்கவில்லை. தயவுசெய்து யாரும் இங்கே நிறுத்தாதீர்கள்.'

தொட்டி உண்மை. பல்லி பொய். பாதி உண்மையில் நட்ட பொய் நன்றாக வேர் பிடிக்கும். அனுப்பிய பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். சரிக்குச் சரி என்று கணக்கு முடிந்த நிம்மதி.

ஆனால் நெட்டில் எந்தக் கணக்கும் எழுதினவரோடு முடிவதில்லை. முதலில் அதன் கீழே நாலு பேர் 'எங்களுக்கும் வயிறு சரியில்லை' என்று எழுதினார்கள். அவர்கள் யார், எப்போது சாப்பிட்டார்கள் என்பது அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். பிறகு தருமபுரிப் பையன் ஒருவன் ஹோட்டலுக்கு எதிரே நின்றுகொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ரீல்ஸ் போட்டான். 'பல்லி போண்டா' என்று தலைப்பு. அதை மாவட்டம் முழுக்கப் பார்த்தார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்று ஆயிரம் பேர் கேட்டார்கள். நெருப்பு எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து தொட்டியைப் பார்த்து, மூடி போடச் சொல்லிவிட்டு, வேறொன்றும் இல்லை என்று போய்விட்டார்கள். அவர்கள் வந்து போன ஜீப்பின் படம்தான் சுற்றியது. ஒன்றும் இல்லை என்று சொன்னதை யாரும் சுற்றுக்கு விடவில்லை.

கார்கள் நிற்பது குறைந்தது. பிறகு நிற்கவே இல்லை. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது. இப்போது ஊரும் ரொம்பப் பெரிதாகிவிட்டது.

மணிமேகலைக்கு முதலில் திருப்தியாக இருந்தது. பிறகு கொஞ்சம் உறுத்தியது. அதற்கும் அவள் மனம் ஒரு மருந்து கண்டுபிடித்தது. இத்தனை பேர் எழுதுகிறார்கள் என்றால் நிஜமாகவே பல்லி இருந்திருக்குமோ? திறந்த தொட்டிதானே, விழுந்திருக்கலாம். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பத் தொடங்கியபோதுதான் சவுரியப்பன் வந்து நின்றான்.

ஆள் இளைத்திருந்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"அக்கா, நீங்க பெங்களூரு ஆளுங்களோட எல்லாம் பழகுறவங்க. இந்த மேப்பு வெவரமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். இதை எழுதுனவன் யாருன்னு கண்டுபுடிக்க முடியுங்களா?"

அவன் நீட்டிய போனில் அவள் எழுதியதே அவளைப் பார்த்தது.

"அதெல்லாம் கண்டுபுடிக்க முடியாதுங்க" என்றாள். குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எனக்குத் தெரியுங்க்கா யாருன்னு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். கார்ல வந்து எறங்குறவனுக்குப் பின்னாடி தொட்டி இருக்கிறதே தெரியாது. உள்ளாற இருக்கிறவன் எழுதுனதுதான் இது. மாதேஷ். காதுகுத்துக்கு லீவு தரலைன்னு மொறச்சிக்கிட்டு இருந்தானே, அவன்தான். நேத்தே வேலைய வுட்டு நிறுத்திட்டேன்."

"மாதேஷா?" என்றாள் மணிமேகலை. "அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்களே."

"யாரை நம்பறதுங்க்கா இந்தக் காலத்துல? நெட்டுல நல்லது எழுதறவன் எவன் இருக்கான்? என் வாழ்க்கையில நான் எழுதுனது ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் உங்களுக்கு. என் பையன் போன்ல இருந்து. அவன் ஏதோ கெத்து கிங்குன்னு பேரு வச்சிருக்கான், சேவல் படத்தோட. கேன்ல நீங்க ஒட்டியிருந்த சீட்டைப் பாத்துட்டு, அக்கா கேக்குறாங்களேன்னு நானே ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சேன். கல்லெண்ணெய்னா அது மணிமேகலை அக்கா செக்குதான், இந்த ஊர்ல வேற யாரும் இப்படிப் பண்ண முடியாதுன்னு. நீங்க பாத்துட்டு எதாச்சும் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னிக்கு டீ குடிக்க வந்தப்பகூட கேட்டுப் பாத்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல. சரி, வேல மும்முரத்துல பாத்திருக்க மாட்டாங்கன்னு வுட்டுட்டேன்."

கல்லெண்ணெய்.

அந்த ஊரில் நிலக்கடலைக்குக் கல்லக்கா என்று பெயர். கல்லக்காயை ஆட்டினால் கல்ல எண்ணெய், சேர்த்துச் சொன்னால் கல்லெண்ணெய். மணிமேகலையின் அம்மா அதைத்தான் சொன்னாள், மணிமேகலையே பெங்களூர் வாடிக்கை வரும்வரை அதைத்தான் சொன்னாள், மாதவராஜ் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறான். ஆங்கில எழுத்தில் கல்லவும் கள்ளவும் ஒன்று. தெற்கத்திப் பானுமதிக்கு அந்தச் சொல் தெரியாது. அவள் கள்ள என்று படித்தாள். அதில் தப்பில்லை. காரிமங்கலத்தில் பிறந்து வளர்ந்த மணிமேகலை, பானுமதியின் வாயால் அதைப் படித்தாள்.

சவுரியப்பன் போன பிறகு செக்கின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாதவராஜ் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து என்னவென்று கேட்டான். சவுரியப்பன் எழுதியதை மட்டும் சொன்னாள்.

"நல்ல மனுசன்" என்றான் மாதவராஜ். "ஆடியில எண்ணெய் இல்லைன்னு திருப்பி அனுப்புனியே, அன்னிக்கு என்ன சொன்னான்? பெங்களூரு வந்ததும் உள்ளூரு மறந்துபோச்சான்னு சிரிச்சுப்புட்டு, பரவால்லீங்க்கா, மொதல்ல அவங்களுக்கு அனுப்பி யாவாரத்தைப் பெருக்குங்க, நான் கொஞ்ச நாளைக்குச் சமாளிச்சுக்கறேன்னு சொல்லிட்டுப் போனான்ல."

சொன்னான்தான். இப்போது நன்றாக நினைவு வந்தது. முதல் பாதியை மட்டும் அவள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அழுகை வந்தது. அழுதாள். பிறகு போனை எடுத்துத் தான் எழுதியதை அழித்தாள். அழித்தது போதாதென்று பயந்து அந்தக் கணக்கையே இல்லாமல் செய்தாள். பானுமதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். "அய்யோ, கடலை எண்ணெயைத்தான் அப்படிச் சொல்வீங்களா! இது தெரியாம நாங்க என்னென்னவோ பேசிட்டோமே" என்று பானுமதி சிரி சிரியென்று சிரித்தாள். சாயங்காலத்துக்குள் தீபாவளி ஆர்டர் திரும்பி வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. மணிமேகலைக்குப் போனது எல்லாம் முழுசாக வந்துவிட்டது.

மறுநாள் சவுரியப்பன் வந்தபோது முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியிருந்தது.

"பாத்தீங்களாக்கா? நேத்து உங்ககிட்ட இருந்து நேரா மாதேஷ் வூட்டுக்குப் போனேன். போலீசுக்குப் போவேன், சைபர் கிரைம்ல குடுப்பேன்னு சத்தம் போட்டேன். நான் எழுதலைன்னு பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். காலையில பாக்குறேன், எழுதுனது காணோம்! அழிச்சிட்டான். நான் மெரட்டுன ராத்திரியே அழிச்சிருக்கான்னா அவன் இல்லாம வேற யாருங்க? எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு, ஒருவேள அவன் இல்லையோன்னு. இப்ப ஒரு துளி சந்தேகம் இல்ல."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று மணிமேகலைக்குத் தெரிந்தது.

"சவுரி, அது மாதேஷ் இல்ல. நான்தான் எழுதுனேன்."

அவன் சிரித்தான். "என்னங்க்கா நீங்க."

"நெசமாத்தான் சொல்றேன். நேத்து அழிச்சதும் நான்தான்."

"உங்களுக்கு எதுக்குங்க நான் ஆகாதவன்?"

"நீங்க கல்லெண்ணெய்னு எழுதுனதை நான் கள்ள எண்ணெய்னு படிச்சுப்புட்டேன். என்னைத் திட்டுறீங்கன்னு நெனச்சேன். அந்தக் கோவத்துல..."

சவுரியப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தான்.

"அக்கா, கல்லெண்ணெய் தெரியாதவங்க காரிமங்கலத்துல இருக்காங்களா? அதுவும் கல்லக்கா ஆட்டுற வூட்ல? பொய் சொல்லத் தெரியாதவங்க பொய் சொன்னா இப்படித்தான் இருக்கும்." குரலைத் தணித்தான். "பாஞ்சாலி வந்து அழுதாளா?"

பாஞ்சாலி மாதேஷின் மனைவி.

"அவ வரல. யாரும் வரல. உங்க பின்கட்டுத் தொட்டிய எத்தினி தடவை பாத்திருக்கேன் நான், கேன் கொண்டாரும்போது? அதைப் பாத்துதான் எழுதுனேன்."

"என்னென்ன சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா பாருங்க. சரி, நீங்க எழுதுனதுன்னா போன்ல காட்டுங்க."

காட்ட ஒன்றும் இல்லை. கணக்கையே அழித்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலையைப் பார்த்து அவனுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

"அவன் புள்ளைகுட்டிக்காரன்னு உங்க மனசு எளகுது. அது உங்க நல்ல குணம். ஆனா என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டவனுக்காக நீங்க பழிய ஏத்துக்கறது அடுக்காதுங்க்கா." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் 'நம்ம காரிமங்கலம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் மாதேஷின் படம் வந்தது. ஊரில் போன் வைத்திருக்கிற எல்லோரும் இருக்கிற குழு அது. சவுரியப்பன்தான் போட்டிருந்தான். 'பல்லி வதந்தியைப் பரப்பியவன் இவன்தான். மாட்டியதும் அழித்துவிட்டான். உப்பிட்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்த இவனை யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம்.' கீழே மளமளவென்று பதில்கள். ரீல்ஸைப் பரப்பினவர்கள்தான் முதல் ஆளாக வந்து காறித் துப்பினார்கள். கம்பைநல்லூரில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர், 'நல்லவேளை, நேற்று என்னிடம் வேலை கேட்டான், நாளை வரச் சொல்லியிருந்தேன்' என்று எழுதினார்.

மணிமேகலை அதைப் படித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஒரு எழுத்தும் பிசகக் கூடாதென்று தமிழிலேயே அடித்தாள்.

'மாதேஷ் எதுவும் செய்யவில்லை. சவுரியப்பன் ஹோட்டலைப் பற்றிப் பொய்யாக எழுதியது நான். பல்லி இல்லை. மணிமேகலை, மரச்செக்கு.'

அனுப்பிவிட்டுத் திட்டுகளுக்காகக் காத்திருந்தாள். செக்குப் போனாலும் போகட்டும், பெங்களூர் போனாலும் போகட்டும் என்று இருந்தாள்.

முதலில் கும்பிடும் கைகள் வந்தன. பிறகு இதயங்கள். 'அக்கா மனசு தங்கம்' என்றார் ஒருவர். 'அடுத்தவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள யாருக்கு வரும்' என்றார் இன்னொருவர். 'அக்காவே மன்னிச்சுட்டாங்க, நாமும் விட்டுடுவோம், ஆனால் அவனை வேலைக்கு மட்டும் வைக்காதீர்கள்' என்றார் கம்பைநல்லூர்க்காரர். சவுரியப்பன் எழுதினான்: 'காலையிலேயே என்கிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. பெரிய மனசு.' யாரோ ஒருவர் அவள் கடையின் மேப் பக்கத்தை எடுத்துப் போட்டு, இந்த அக்காவுக்கு எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கொடுக்கவும் தொடங்கினார்கள்.

நான் சொல்வது உண்மை என்று மறுபடி அடித்தாள். அதற்கும் கைகள் கும்பிட்டன.

அந்தக் கைகளுக்கு நடுவில் ஒரு பதில் மட்டும் வேறு மாதிரி வந்தது. மாதேஷ் எழுதியிருந்தான். தான் எழுதவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் அந்தக் குழுவில் அவன் ஒருவன்தான். அதனால் அவள் சொன்னதை நம்பியவனும் அவன் ஒருவன்தான்.

'எதுக்குங்க்கா?'

மணிமேகலை பதில் அடிக்கத் தொடங்கினாள். இரண்டு சொல் அடித்து அழித்தாள். மறுபடி அடிப்பதற்குள் 'மாதேஷ் வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே கும்பிடும் கைகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.